செப்டிக் டேங்கில் வென்ட் (காற்றுப் பைப்) இருந்தால் பாத்ரூமுக்குத் தனியாக வேண்டாமா?

கேள்வி – மாடிவீடு:
திருச்சியில் வீடு கட்டுகிறோம். மாடி பாத்ரூமில் சங்கன் ஸ்லாபுக்குள் (பைப் போடத் தாழ்த்திய தளம்) பைப் போட்டாகிவிட்டது, திங்கட்கிழமை ஜல்லி கொட்டி மூடப் போகிறார்கள். கம்மோட்டுக்கு நாலு இஞ்ச், நானி ட்ராப்புக்கு (தரைத் தண்ணீர் வடிகிற இடம்) மூணு இஞ்ச், இரண்டும் வெளிச்சுவரில் ஒரே நாலு இஞ்ச் பைப்பில் சேர்ந்து கீழே இறங்குகிறது. பிளம்பர் அந்தப் பைப்பை மேலே ஒரு பெண்டோடு (வளைவுத் துண்டு) முடித்துவிட்டார். கேட்டால், "அதான் டேங்க்ல வென்ட் போடுறோமே சார்" என்கிறார். போதுமா?

பதில் – பழைய சூப்பர்வைசர்:
போதாது. டேங்கில் இருப்பது டேங்கின் வாயு வெளியேற. உங்களுக்குத் தேவை மேலேயிருந்து காற்று உள்ளே வர வழி. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டு ஊற்றினால் களக் களக் என்று திணறும், எதிர் மூலையில் இன்னொன்று குத்தினால் சீராக ஊற்றும் இல்லையா, அதேதான். ஃப்ளஷ் செய்த தண்ணீர் மொத்தமாக இறங்கும்போது பின்னால் காற்று வேண்டும். மேலே அடைத்திருந்தால் நானி ட்ராப் வழியாக இழுக்கும், அதில் நிற்கிற இரண்டு இஞ்ச் தண்ணீரும் கூடவே போய்விடும். அப்புறம் நாற்றத்துக்குத் தடையே இல்லை.

பெண்டை எடுத்துவிட்டு டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு, அதே நாலு இஞ்சிலேயே மொட்டை மாடிக்கு மேல் ஏற்றச் சொல்லுங்கள்.

பதில் – அனுபவஸ்தன்:
எங்கள் வீட்டில் இதே கதை. ஃப்ளஷ் அழுத்தினால் நானி ட்ராப் கொப்பளிக்கும். பினாயில் ஊற்றியே இரண்டு வருடம் ஓட்டினோம், கடைசியில் சாரம் கட்டிப் பைப்பை நீட்டின பிறகுதான் நின்றது.

மாடிவீடு:
அப்படியென்றால் திங்கட்கிழமை வேலையை நிறுத்தணுமா? வாஷ்பேசினுக்கும் தனி வென்ட் வேண்டுமா?

பழைய சூப்பர்வைசர்:
நிறுத்த வேண்டாம், டீ வேலை வெளிச்சுவரில்தானே. ஒரே பாத்ரூம், எல்லாம் பைப்புக்குப் பக்கத்திலேயே என்றால் பேசினுக்குத் தனியாக எதுவும் வேண்டாம். அடுக்குமாடி என்றால் கதை வேறு, அங்கே ட்ராப்புகளுக்கென்று இரண்டு இஞ்சில் தனிப் பைப் கூடவே ஏறும். ஆனால் ஜல்லி கொட்டுவதற்கு முன் பைப் வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள், ஒழுகினால் இப்போதே தெரிந்துவிடும். மேலே கௌல் (பைப் முனைக்கான மூடி) மாட்டுங்கள், வலையோடு, இல்லாவிட்டால் டேங்க் கொசு முழுக்க அதன் வழியாகத்தான் வரும். ஜன்னல் பக்கம் முடிக்காதீர்கள், மாடியில் துணி காயப்போடுகிற ஆளின் தலைக்கு மேலே போகட்டும்.

மாடிவீடு:
பிளம்பரிடம் பேசிவிட்டேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல சார்" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். ஒரு பைப், ஒரு டீ, ஒரு கௌல், நாளைக்குக் காலையில் நானே போய் வாங்கி வருகிறேன்.