லினாக் படுக்கையில் படுத்தவர்கள், பக்கத்தில் நின்றவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

தொடங்கியவர்:
தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கோப்பில் ‘நேரியல் முடுக்கி’ (சுருக்கமாக லினாக்) என்று பார்த்ததும், சுவிட்சர்லாந்து எல்லையில் பூமிக்கடியில் 27 கி.மீ. சுற்றளவில் இருக்கும் துகள் முடுக்கி வளையம்தான் நினைவுக்கு வந்தது. நேரில் பார்த்தால் ஓர் அறைக்குள் அடங்கிவிட்டது.

முடுக்கியைவிட மாஸ்க்தான் என்னைப் படுத்துகிறது. வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் போர்த்தி இழுத்தார்கள். சில நிமிடங்களில் இறுகி, மூக்கையும் தாடையையும் அச்செடுத்துக்கொண்டது. தினமும் அதை மாட்டிப் படுக்கையோடு பூட்டுகிறார்கள். எச்சில் விழுங்கவே சிரமப்படும் தொண்டையோடு அசையாமல் கிடக்க வேண்டும். கதிர் படும்போது எதுவும் தெரிவதில்லை, உண்மைதான். ஆனால் ‘வலிக்காது’ என்று சொன்னவர்கள், பின்னால் வரப்போகும் வாய்ப்புண்ணையும் நாவறட்சியையும் சேர்த்தே சொல்லியிருக்கலாம்.

ஒரு சந்தேகம். உடம்பில் கதிர்வீச்சு தங்கியிருக்கும் என்று சொல்லிப் பேத்தியை என்னிடம் விட மறுக்கிறார்கள். சரிதானா?

மருத்துவ இயற்பியலாளர்:
தாராளமாகத் தூக்கிக் கொஞ்சுங்கள் ஐயா. கதிரியக்கப் பொருளை உடலுக்குள் செலுத்தும் சிகிச்சை வேறு. அதற்குத்தான் அந்தக் கட்டுப்பாடெல்லாம்.

லினாக் மின்சாரத்தில் ஓடுகிறது. எலக்ட்ரான்களை நுண்ணலைகள் ஒரு குழாய்க்குள் உந்தித் தள்ளுகின்றன. 6 மெகாவோல்ட் இயந்திரத்தில் அவை ஒளிவேகத்தின் 99 விழுக்காட்டைத் தாண்டிவிடும். அந்த வேகத்தில் டங்ஸ்டன் தகட்டில் மோதும்போது எக்ஸ் கதிர் பிறக்கிறது. மின்சாரத்தை நிறுத்தினால் கதிரும் நின்றது. பழைய கோபால்ட்-60 இயந்திரம் அப்படியல்ல. அதற்குள் இருக்கும் கதிரியக்கப் பொருளை மூடிவைக்கலாமே தவிர அணைக்க முடியாது. தோலை ஒட்டிய கட்டி என்றால் டங்ஸ்டனை விலக்கிவிட்டு எலக்ட்ரான்களையே நேராகச் செலுத்துவோம்.

லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் 1953இல் முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளித்த லினாக்கில் இல்லாத ஒன்று உங்கள் தலைக்குமேல் இருக்கிறது: வரிசையான டங்ஸ்டன் இலைகள். ஒவ்வொன்றும் தனித்தனியே நகர்ந்து, கட்டியின் வடிவத்துக்கு மட்டும் வழிவிடும்.

காலையில் நோயாளிகள் வருமுன் கதிரின் அளவைச் சோதிப்போம். அளவுமானியில் இருப்பது வெறும் காற்று. அறை சூடானால் காற்று இலேசாகி அளவு குறைத்துக் காட்டும். அதனால் வெப்பமானியையும் காற்றழுத்தமானியையும் பார்த்துத் திருத்திக்கொள்வோம். வழக்கத்திலிருந்து 3 விழுக்காட்டுக்குமேல் விலகினால், காரணம் தெரியும்வரை யாரையும் படுக்கவைப்பதில்லை. வெளியே காத்திருப்பவர்கள் எங்களைத் திட்டும் நேரம் அது.

மென்பொருள் துறைக்காரன்:
அம்மாவை அழைத்துப்போனபோது நான் பயந்தது கதிருக்கு அல்ல, நிரலுக்கு. தெராக்-25 என்ற முடுக்கியில் 1985 முதல் 1987க்குள் ஆறு பேருக்கு அளவுமீறிய கதிர் பாய்ந்ததை எங்கள் துறையில் பாடமாகவே படிப்போம். எலக்ட்ரான், எக்ஸ் கதிர் என்ற தேர்வை இயக்குபவர் வேகமாகத் திருத்தினால் நிரல் குழம்பியது. முந்தைய மாதிரிகளில் தனியாக இருந்த வன்பொருள் தடுப்புகளை அதில் எடுத்துவிட்டிருந்தார்கள். இதை அங்கிருந்த இயற்பியலாளரிடம் கேட்டேவிட்டேன். முகம் சுளிக்காமல் கதவுப் பூட்டையும் அவசர நிறுத்தப் பொத்தானையும் காட்டி, கதிரை அளக்க இரண்டு கருவிகள் தனித்தனியே ஓடுவதையும் விளக்கினார். ஒன்று தவறினாலும் மற்றது நிறுத்திவிடுமாம்.

ஒரு தாய்:
என் மகனுக்கு மூளையில் கட்டி. எக்ஸ் கதிர் கட்டியைத் தாண்டியும் ஊடுருவிப் போகும். புரோட்டான் என்ற நுண்துகளோ தன் ஆற்றலில் பெரும்பகுதியைக் குறித்த ஆழத்தில் கொட்டிவிட்டு நின்றுவிடும். வளரும் பிள்ளை என்பதால் புரோட்டான் சிகிச்சையைத் தேர்ந்தார்கள். அங்கே முடுக்கி வேறொரு அறையில் இருந்தது. அவனைச் சுற்றிய இரும்புச் சட்டமோ மூன்று மாடி உயரம். எல்லாப் புற்றுநோய்க்கும் இதுதான் மேல் என்று விளம்பரம் செய்வதை நம்பாதீர்கள். எங்கள் மருத்துவரே என் அண்ணனுக்கு லினாக் போதும் என்று அனுப்பிவைத்தார்.

சிகிச்சைத் தொழில்நுட்பர்:
தொடங்கியவருக்கு ஒரு வார்த்தை. கதிர் பாய்வது சில நிமிடம்தான். உங்களைச் சரியாகக் கிடத்துவதில்தான் எங்கள் வேலையே இருக்கிறது. சாப்பிட முடியாமல் எடை குறைந்தால் மாஸ்க் தளரும். தளர்ந்த மாஸ்க்குக்குள் தாடை சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் எங்கள் கணக்கு மாறும். ‘இப்போது இறுக்கமே இல்லை, சௌகரியமாக இருக்கிறது’ என்று தோன்றினால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். தேவைப்பட்டால் மறுபடி ஸ்கேன் எடுத்துப் புது மாஸ்க் செய்வோம்.