ஐயனுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது, பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா?

தறிச்சத்தம்:
வணக்கமுங்க. சோமனூர் பக்கம் தறி ஓட்டுகிறோம். போன மாதம் விடியக்காலை 5 மணிக்குக் கட்டுத்தாரையில் பால் பீச்சிக்கொண்டிருந்த ஐயன், எங்கள் அப்பா, அப்படியே சாய்ந்துவிட்டார். வாய் கோணி, வலது கை துவண்டு, பேச்சும் குழறியது. பித்தம் என்று சோடா கொடுத்தோம், பக்கத்து கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், அப்புறம் சித்தப்பா புறாவை அறுத்து ரத்தம் தேய்த்துவிட்டார், எல்லாம் முடிந்து கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தபோது மதியம் 2 மணி. மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் தாண்டிவிட்டது என்றார்கள். அதற்கு முன்பே அவர் பிரஷர் மாத்திரையை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. தலை சுற்றலே இல்லை, எதற்குடா என்பார். இப்போது சொந்தக்காரர்கள் கேரளாவுக்குக் கூட்டிப்போய் எண்ணெய் போடு, இங்கிலீஷ் மருந்தை நிறுத்து என்கிறார்கள். நிறுத்தலாமா? எனக்கும் 36 வயதில் 160/100 காட்டுகிறது, உடம்பில் ஒன்றும் தெரியவில்லை.

நைட் டூட்டி:
எண்ணெய் உங்கள் இஷ்டமுங்க, மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். நான் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாதம் வந்து படுத்தவருக்கு மூக்குக்குழாயில் கஞ்சி ஊற்ற வேண்டும், இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். புரட்ட இரண்டு ஆள் வேண்டும், ராத்திரி வார்டு முழுக்க நான் ஒருத்தி. காய்ச்சல்காரர் மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடுவார், இந்தப் பெட் வாரக்கணக்கில் காலியாகாது, அடுத்து வருபவருக்குத் தரையில் பாய்தான். வீட்டு ஆட்களைக் கேட்டால் பாதிப்பேர் "மாத்திரை விட்டுட்டாருங்க" என்பார்கள். அந்த ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது, அதுவும் சிடி ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று தெரிந்த பிறகு.

பவானிக்கரை:
நர்ஸம்மா சொல்வது சரி, ஆனால் பழியை எல்லாம் நோயாளி தலையில் போடாதீர்கள். 2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீட்டுக்கே மாத்திரை வருகிறது, ஆனால் அவர்கள் வரும் நேரத்தில் தறிக்காரன் ஷிப்டில் இருப்பான் அல்லது தூங்குவான். எங்கள் மாமாவுக்குச் சாப்பிடும்போது சோறு கையிலிருந்து நழுவியது, அத்தை மகள் உடனே 108-ஐக் கூப்பிட்டாள், ஒன்றரை மணி நேரத்தில் ஊசி போட்டாயிற்று. இன்று டிவிஎஸ் பிப்டியில் சந்தைக்குப் போகிறார்.

கணக்குப்பிள்ளை:
32 நாடுகளில் நடந்து 2016-ல் வந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு, பக்கவாதத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்துக்கு மாற்றக்கூடிய 10 காரணங்களைக் காட்டுகிறது. முதலில் நிற்பது பிரஷர். அப்புறம் சர்க்கரை, புகை, குடி, தொப்பை, நடக்காமல் உட்கார்ந்தே இருப்பது இப்படி. தம்பி, வெவ்வேறு நாளில் இரண்டு மூன்று தடவை பிரஷரைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் போங்கள். ஊறுகாய், கருவாடு, பீடி மூன்றையும் இன்றைக்கே குறையுங்கள், பீடியை விட்டே விடுங்கள்.

தறிச்சத்தம்:
சரிங்க, மாத்திரையை நிறுத்தவில்லை. அந்தச் சோடா கொடுத்தது தப்பா?

நைட் டூட்டி:
தப்புதானுங்க. அந்த நேரத்தில் விழுங்க வராது, நுரையீரலுக்குள் போய்விடும். தண்ணீர்கூடத் தரக்கூடாது.

தறிச்சத்தம்:
அன்று சாயங்காலமே அவருக்கு இருமல் பிடித்தது. பனி என்று நினைத்தோம்.