வேர் அழுகினால் மருந்தா, மண்ணா? வீட்டுக்குள் செடி வளர்ப்பவர்கள் சொல்லுங்கள்

ஓசூர்_மூன்றாம்மாடி:
பீஸ் லில்லி ஒன்று, ஸ்நேக் பிளான்ட் இரண்டு, ஆறு மாதம் முன் பக்கத்து நர்சரியில் வாங்கி ஹாலில் வைத்திருந்தேன். ஐப்பசி மழையில் பீஸ் லில்லி வாடித் தொங்கியது, தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினேன், இன்னும் தொங்கியது. கடையில் கேட்டால் கார்பன்டாசிம், மேன்கோசெப் என்ற இரண்டு பூஞ்சைக்கொல்லிகள் கலந்த தூளை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து வேரில் ஊற்றச் சொன்னார்கள். மூன்று முறை ஊற்றினேன். ஸ்நேக் பிளான்ட் ஒன்று அடியோடு சாய்ந்து, தொட்டால் கூழாக வந்தது, சாக்கடை நாற்றம். அப்புறம்தான் செடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். பீங்கான் தொட்டிக்குள் இருந்த பிளாஸ்டிக் தொட்டி இரண்டு விரல் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. மருந்து வாங்கிய காசும் மூன்று வாரமும் வீண். வீட்டுச் செடிக்கு வேரழுகல் வந்தால் மருந்தைத் தேடவே கூடாது, மண்ணையும் தொட்டியையும்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பாலக்கோடு_தக்காளி:
இது சரியில்லைங்க. நாங்கள் தக்காளி நாற்றங்காலில் நாற்றழுகல் வந்தால் காப்பர் ஆக்சி குளோரைடை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்துப் பாத்தியில் ஊற்றித்தான் மிச்ச நாற்றைக் காப்பாற்றுகிறோம். மருந்து கேட்கவில்லை என்றால் மருந்து தப்பு என்று அர்த்தம். ஈரத்தில் வேரை அழுகவைப்பதில் முக்கியமானது பித்தியம், அது உண்மையான பூஞ்சையே கிடையாது, நீர்ப்பூஞ்சை வகை. அதன் வித்துகள் மண்ணில் நிற்கும் தண்ணீரில் நீந்தியே அடுத்த வேருக்குப் போகும். கார்பன்டாசிம் அதைத் தொடவே தொடாது, அதற்கு மெட்டலாக்சில் மாதிரி வேறு மருந்து வேண்டும். உங்கள் கடைக்காரர் கையில் இருந்ததைக் கொடுத்திருக்கிறார். அதற்காக மருந்தே வேண்டாம் என்று எழுதினால் படிக்கிறவர்கள் செடியைச் சாகவிடுவார்கள்.

ஓசூர்_மூன்றாம்மாடி:
அண்ணா, பித்தியம் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், அது எனக்குப் புதுசு. ஆனால் அந்த வித்து நீந்தத் தண்ணீர் கொடுத்தது யார்? வேருக்கும் மூச்சு உண்டு. மண்ணில் இருக்கிற காற்றிடத்தை எல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுமுட்டிச் சாகிறது, செத்த வேரில் கிருமி ஏறுகிறது. நீங்கள் சொல்கிற சரியான மருந்தையே ஊற்றினாலும் அதுவும் ஒரு குவளைத் தண்ணீர்தானே, ஏற்கெனவே மூழ்கிக் கிடக்கிற வேரில் மேலும் ஊற்றுகிறோம். செத்த வேரை எந்த மருந்தும் திரும்ப உயிர்ப்பிக்காது.

மிச்சம் இருந்ததை நான் காப்பாற்றியது இப்படித்தான். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, குழாய்க்கு அடியில் காட்டி மண் முழுவதையும் கழுவினேன். நல்ல வேர் வெள்ளையாகவோ இளம் பழுப்பாகவோ விறைப்பாக இருக்கும், அழுகியதை விரலால் இழுத்தால் தோல் உருவிக்கொண்டு உள்ளே நூல் மட்டும் நிற்கும். அழுகியதை எல்லாம், நல்ல பகுதி வரும்வரை, ஸ்பிரிட்டில் துடைத்த கத்திரியால் வெட்டினேன். பாதி வேர் போனதால் பீஸ் லில்லியில் மூன்றில் ஒரு பங்கு இலையையும் எடுத்துவிட்டு அப்போதே நட்டேன், ஸ்நேக் பிளான்டை மட்டும் நிழலில் மூன்று நாள் வெட்டுக்காயம் உலரவிட்டு நட்டேன். தொட்டி முன்பைவிடச் சின்னது. இதுதான் பலருக்கும் மனசு வராத இடம், ஆனால் வேர் குறைந்த செடிக்குப் பெரிய தொட்டி கொடுத்தால் உறிஞ்ச ஆளில்லாத ஈரம் அப்படியே நிற்கும்.

தருமபுரி_டீச்சரம்மா:
நான் எல்லாத் தொட்டியிலும் அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போட்டு அதன்மேல் செம்மண் நிரப்புகிறேன். தண்ணீர் ஜல்லிக்குப் போய்விடும், அழுகல் வராது. ஆனால் டிரசீனாவில் மட்டும் இலை நுனி பழுப்பாகிக்கொண்டே போகிறது, அதுவும் வேரழுகல்தானா?

ஓசூர்_மூன்றாம்மாடி:
டீச்சர், ஜல்லி விஷயத்தில் கோபித்துக்கொள்ளாதீர்கள். நனைந்த பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் படுக்கவைத்துப் பிடியுங்கள், சொட்டுவது நின்றதும் நிமிர்த்திப் பிடியுங்கள், மறுபடி சொட்டும். மண்ணும் அப்படித்தான், உயரம் குறைந்தால் அடியில் அதிக ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். நுண்ணிய மண்ணிலிருந்து தண்ணீர் சட்டென்று ஜல்லிக்குள் இறங்காது, மண் நிறைந்து வழிந்தால்தான் இறங்கும். எனவே இரண்டு அங்குல ஜல்லி போட்டால் ஈரமான மண் இரண்டு அங்குலம் மேலே வேருக்குப் பக்கத்தில் ஏறிவிடுகிறது. ஓட்டை அடைக்காமல் ஒரு ஓட்டுச்சில்லு போதும். வெறும் செம்மண்ணும் வேண்டாம், இறுகிவிடும். நான் செம்மண் ஒரு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு, கருக்கிய உமியும் உடைத்த செங்கல் சில்லும் சேர்த்து இரண்டு பங்கு போடுகிறேன்.

பாலக்கோடு_தக்காளி:
டிரசீனாவுக்கு நான் சொல்கிறேன். டீச்சரம்மா, நீங்கள் ஊற்றுவது போர் தண்ணீரா? நம் மாவட்டத்தில் பல ஊர் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட் இரண்டுக்கும் ஃபுளோரைடு ஆகாது, நுனிதான் முதலில் கருகும். வேரழுகல் என்றால் அடி இலை மஞ்சளாகி, மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடும், தண்டு அடி மெத்தென்று ஆகும். மழைத் தண்ணீரோ ஒகேனக்கல் தண்ணீரோ ஊற்றிப் பாருங்கள், கருகின நுனி திரும்பாது, புது இலை சுத்தமாக வரும்.

தருமபுரி_டீச்சரம்மா:
போர் தண்ணீர்தான் தம்பி. வேரழுகல் என்று நினைத்துப் போன வாரம் ஒரு டிரசீனாவின் வேரை வெட்டிவிட்டேன். நல்ல வெள்ளை வேர். மனசு வலிக்கிறது.

பாலக்கோடு_தக்காளி:
விடுங்க, டிரசீனா தாங்கும், தண்ணீரை மட்டும் குறைத்து ஊற்றுங்கள். ஓசூர் அக்கா சொன்னதில் கவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்பது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் வேரை வெட்டிப் புது மண்ணில் வைத்தபின் கிருமி மிச்சம் இருந்தால் என்ன செய்வீர்கள்? ஒரே ஒரு முறை மெட்டலாக்சில் கலந்த மருந்தை, உறையில் போட்டிருக்கிற அளவில், கையுறை போட்டு ஊற்றலாம் என்பதிலிருந்து நான் இறங்கமாட்டேன். இல்லையென்றால் ட்ரைகோடெர்மா விரிடியை மண்புழு உரத்தில் கலந்து முன்கூட்டியே போடுங்கள். அது உயிருள்ள நல்ல பூஞ்சை, கார்பன்டாசிமோடு சேர்த்துப் போட்டால் அதுவே செத்துவிடும்.

ஓசூர்_மூன்றாம்மாடி:
ட்ரைகோடெர்மா சரி. குழந்தை தவழ்கிற ஹாலில் மெட்டலாக்சில் எனக்குச் சரிப்படாது, அதில் நானும் இறங்கமாட்டேன். செத்த செடியின் தொட்டியைப் பிளீச்சிங் தண்ணீரில் கழுவி மொட்டைமாடி வெயிலில் காயவைத்திருக்கிறேன், அந்த மண்ணை வேறு தொட்டிக்கு எடுக்கவில்லை. சாய்ந்த ஸ்நேக் பிளான்டில் அழுகாத இலை நான்கு கிடைத்தது. துண்டாக்கி, தலைகீழாகாமல் பார்த்து மணலில் குத்தியிருக்கிறேன். மஞ்சள் ஓரம் உள்ள ரகம், இலையிலிருந்து வரும் கன்றில் அந்த மஞ்சள் வராது, பச்சையாகத்தான் வரும். பரவாயில்லை. இப்போது சுட்டுவிரலை இரண்டு கணு விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால்தான் தண்ணீர், வாரக் கணக்கே கிடையாது. பீஸ் லில்லியில் நேற்று ஒரு சுருட்டை இலை வந்திருக்கிறது.