பொருள்: பவுலிங் பந்துக்கு ‘ஸ்பேன்’, ‘பிட்ச்’ – தமிழில் என்ன எழுதலாம்?

ஓசூரிலிருந்து, திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக ஓர் உதவி. பெங்களூரில் ஒரு பவுலிங் கூடத்தில் (கிரிக்கெட் இல்லை, கனமான பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம்) என் அக்கா மகன் பந்துக்குத் துளை போடுகிறான். கூட இருப்பவர்கள் பாதிப்பேர் தளி, அஞ்செட்டிப் பக்கத்துப் பையன்கள். அவர்களுக்காக 12 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

பந்தில் கட்டைவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றுக்கும் துளை உண்டு. கட்டைவிரல் துளையின் விளிம்பிலிருந்து மற்ற இரண்டின் விளிம்பு வரை உள்ள தூரம்தான் ஸ்பேன். பந்து கைக்கு ஒத்துவருவது பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. கூடினால் கட்டைவிரலின் அடித்தோல் இழுபட்டுக் கன்றிப்போகும். குறைந்தால் பந்தை நெரித்துப் பிடிக்க வேண்டிவரும்.

போன வாரம் யாருக்கோ துளைத்த பந்தை எடுத்து நாலு முறை உருட்டினேன். மறுநாள் தோசைக்கரண்டி பிடிக்க முடியவில்லை. அப்புறம் பையன் அளவு பார்க்கும் முறையைக் காட்டினான். கட்டைவிரலை முழுவதும் உள்ளே விட்டு, மற்ற விரல்களைத் துளையில் நுழைக்காமல் பந்தின்மேல் படுக்கவைக்கச் சொன்னான். நடுவிரலின் இரண்டாம் கணு மடிப்பு, துளையின் உள்விளிம்பைத் தாண்டிக் கால் அங்குலம் தள்ளி விழுந்தது. “இதுதான் உங்க பந்து, சித்தி” என்றான்.

இரண்டாம் கணு வரை விரல் இறங்கினால் ‘வழக்கப் பிடி’, முதல் கணுவோடு நின்றால் ‘விரல்நுனிப் பிடி’ என்று எழுதிவிட்டேன். ஸ்பேனுக்குச் ‘சாண்’ போடலாமா? துளை எந்தப் பக்கம் சாய்ந்து இறங்குகிறது என்பதைக் குறிக்கும் பிட்ச்சுக்கு என்ன செய்வது?

தருமபுரியிலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, சாண் என்பது கட்டைவிரல் நுனி முதல் சுண்டுவிரல் நுனி வரை. உங்கள் பந்தில் சுண்டுவிரலுக்கு வேலையே இல்லை. பிறகு எப்படி அது சாண் ஆகும்?

நம்மிடம் ‘ஒட்டை’ என்ற சொல் இருக்கிறது. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்தால் வரும் நீளம். ஒட்டைச்சாண் என்றும் சொல்வார்கள். ‘ஒட்டு’ என்ற வேரிலிருந்து வந்திருக்கும் என்பது என் எண்ணம்: இரு விரலும் பொருளை ஒட்டிக் கிடப்பதால். கூரைக்குக் கீற்று முடையும்போது என் பாட்டி “ஒரு ஒட்டை விட்டுக் கட்டு” என்பார். ஒரு விரல் அகலமான விரற்கடைக்குப் பெரியது, சாணுக்குச் சிறியது. அளவுக்கு இத்தனை சொல் வைத்திருந்த மொழியில் எல்லாவற்றையும் ஒரே சாணில் அடக்குவது ஏன்?

கிருஷ்ணகிரியிலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயா, மன்னிக்கணும். நான் இருபது வருஷமாக லேத்தில் நிற்கிறவன். துளை போடச் சொல்லித்தரும் கையேட்டில் ‘ஒட்டை’ வேண்டவே வேண்டாம். அச்சில் ஒரு சுழி கூடினால் ‘ஓட்டை’. “ஒட்டையை ஒரு நூல் கூட்டு” என்று படித்துவிட்டுப் பையன் துளையைப் பெரிசாக்கினால் அந்தத் துளையை அடைத்து மறுபடி போட வேண்டும்.

பிட்ச்சுக்கு வெளியே தேட வேண்டாம். தண்ணீர் ஓடக் கொத்தனார் தளத்துக்கு விடுகிறாரே, அந்த ‘வாட்டம்’தான். துளை பந்தின் மையத்தைப் பார்த்து நேராக இறங்கினால் வாட்டமில்லை. கட்டைவிரல் துளையின் அடி, விரல்துளைகள் பக்கம் சாய்ந்தால் உள்வாட்டம்: விரல் சற்று நேரம் தங்கும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வெளிவாட்டம்: சீக்கிரம் கழன்றுவிடும். பக்கத்தில் சாய்ந்தால் பக்கவாட்டம். இரண்டு விரல்துளைக்கு நடுவே நிற்கும் மெல்லிய பகுதி ‘வரப்பு’.

இன்னொன்று. கட்டைவிரல் லேசாக உரசிக்கொண்டு வெளியே வரணும், ஆனால் பிடிக்கக் கூடாது. ஆட ஆட விரல் வீங்கும். அதனால் துளையைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டு, உள்ளே டேப் ஒட்டிக் குறைத்துக்கொள்வதுதான் நல்லது. அதைக் கட்டாயம் எழுதுங்கள் அம்மா.

தருமபுரியிலிருந்து, செவ்வாய் இரவு

> அச்சில் ஒரு சுழி கூடினால் ‘ஓட்டை’

ஒரு காலத்தில் குறில் ஒகரத்துக்குப் புள்ளி வைத்தார்கள். ஏட்டில் புள்ளி விட்டுப்போனால் ஒட்டையும் ஓட்டையும் ஒன்றுதான். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் சுழி போட்டு நெடிலைப் பிரித்துக் கொடுத்தார். பிரித்துக் கொடுத்த பிறகும் குழப்பம் என்றால் குறை சொல்லிலா, அச்சுப் பார்ப்பவரிடமா? வாட்டமும் எனக்கு ஒப்பவில்லை. பயிர் வாடினாலும் வாட்டம், முகம் வாடினாலும் வாட்டம். ‘சாய்வு’ இருக்கும்போது அது எதற்கு?

பென்னாகரத்திலிருந்து, புதன் காலை

ஒரு சின்ன குறுக்கீடு. ‘பிடி’யை யாரும் கேள்வி கேட்கவில்லையே. எங்கள் காட்டோரத்தில் இலக்கியம் படித்தவரிடம் பிடி என்றால் பெண் யானை. அரிசி அளந்தால் ஒரு பிடி. கத்திக்கு இருப்பதும் பிடி. ‘பற்று’ என்று மாற்றினால் கணக்கில் வரவு பற்று வந்து நிற்கும். இருக்கட்டும், பிடியே இருக்கட்டும்.

ஸ்பேனுக்கு ஒன்று சொல்கிறேன். சிற்பிகள் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடைப்பட்ட நீளத்தைத் ‘தாலம்’ என்பார்கள். விரல் கணக்குப்படி இதுதான் சரி.

தருமபுரியிலிருந்து, புதன் மதியம்

தாலம் வடசொல். தட்டு என்றும் பொருள்படும். அப்புறம் மோதிரவிரலுக்கு என்ன சொல்வீர்கள்?

கிருஷ்ணகிரியிலிருந்து, புதன் இரவு

ஐயா, அந்தப் பையன்கள் காலை பத்து மணிக்கு டிரில் முன்னால் நிற்பார்கள். அகராதியைப் புரட்ட நேரமிருக்காது. சொல் அவர்களுக்குப் புரியவில்லை என்றால் ஸ்பேன் என்றே சொல்லிவிட்டுப் போவார்கள். நாம் பேசியது முழுக்க வீண்.

ஓசூரிலிருந்து, வியாழன் மாலை

எல்லாச் சொல்லையும் அக்கா மகனுக்கு அனுப்பி, விளக்கம் சொல்லாமல் படித்துக்காட்டச் சொன்னேன். வாட்டத்தை உடனே பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேருடைய அப்பா கொத்தனார். வரப்பைக் கேட்டதும் ஒருவன் பந்தைத் தொட்டே காட்டினானாம். தாலத்துக்குப் பதிலே இல்லை. ஒட்டைக்கு “எந்த ஓட்டை?” என்று கேட்டிருக்கிறார்கள். பாதிப்பேர் வீட்டில் பேசுவது தெலுங்கும் கன்னடமும். அங்கே ஜான, கேணு என்று அதே கை அளவு இருப்பதால் சாண் சொன்னதும் கையை விரித்தார்கள்.

ஐயா சொன்ன சுண்டுவிரல் குறை உண்மைதான். அதனால் வெறும் சாண் வேண்டாம். ‘விரற்சாண்’. தனித்தனியாக ‘நடுவிரற்சாண்’, ‘மோதிரவிரற்சாண்’. அளவு எடுப்பதும் அப்படி இரண்டுதானே.

கிருஷ்ணகிரியிலிருந்து, வியாழன் இரவு

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘விரல்சாண்’ என்றே போடுங்கள். ‘விரற்’ என்று பார்த்தாலே பையன்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

தருமபுரியிலிருந்து, வியாழன் நள்ளிரவு

விரற்கடை என்று சொன்ன வாய்க்கு விரற்சாண் வராதா? புணர்ச்சியையும் விட்டுவிட்டால் எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

ஓசூரிலிருந்து, வெள்ளி மதியம்

அனுப்பிவிட்டேன். விரற்சாண், வாட்டம், வரப்பு. புணர்ச்சி ஐயாவுக்காக, வாட்டம் அண்ணனுக்காக. டேப் விஷயம் 7ஆம் பக்கத்தில் இருக்கிறது.

தருமபுரியிலிருந்து, வெள்ளி மாலை

நல்லது அம்மா. சுண்டுவிரல் இல்லாதது சாண் ஆகாது என்ற என் மறுப்பை மட்டும் இங்கே பதிந்து வைக்கிறேன். அச்சானதும் எனக்கு ஒரு படி அனுப்புங்கள். ஒட்டையைப் பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன்.