ஆயாவின் காரியப் பத்திரிகையில் 'இல்லத்தரசி' என்று போடலாமா?

பாப்பாரப்பட்டிப் பேரன்:
எங்க ஆயா (அப்பாவோட அம்மா) போன வாரம் தவறிட்டாங்க. வர்ற ஞாயிறு காரியம். பிரஸ்காரர் அனுப்பின மாதிரியில இப்படி இருக்கு: "எங்கள் குடும்பத்தின் குலவிளக்கு, இல்லத்தரசி, வயது 90." அடியில "இங்ஙனம்: மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள்."

பெரியப்பா சரின்னுட்டார். எனக்கு அந்த 'இல்லத்தரசி' உறுத்துது. தை பொறந்தா பங்குனி வரைக்கும் ஆயா திண்ணையில உக்காந்து புளி தட்டுவாங்க. ஓடு நீக்கின புளியைக் கல்லு மேல வெச்சு சின்னச் சுத்தியால ஒரு போடு. கொட்டை தெறிச்சு வாசல் வரைக்கும் ஓடும், பொறுக்கறது எங்க வேலை. கிலோ கணக்குல கூலி, சாயங்காலம் மண்டிக்காரர் வந்து எடை போட்டு எடுத்துட்டுப் போவார். ஆயாவோட கட்டைவிரல் நகம் கடைசி வரைக்கும் கருப்புதான். இது போக ராகிக் காடு, ரெண்டு மாடு, மகளிர் குழு. 'உழைப்பாளி'ன்னு போடலாமா, 'குழுத் தலைவி'ன்னு போடலாமா?

தகடூர்க்காரன்:
ஆழ்ந்த இரங்கல் தம்பி. ஆனா ஒண்ணு புரியல, இல்லத்தரசின்னா கேவலமா? எங்க அம்மாவுக்கு அதைத்தான் போட்டோம், பெருமையாத்தான் போட்டோம். நம்ம பக்கம் புளி தட்டாத வீடு எது, களி கிண்டாத கை எது? அதையெல்லாம் எழுதினா பயோடேட்டா மாதிரி ஆயிடும். காரியத்துக்கு வர்றவன் சாப்பாடு எத்தனை மணிக்குன்னுதான் பார்ப்பான்.

மத்தூர் மருமகள்:
ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்றேன். எந்த அரசி நாலு மணிக்கு எழுந்து குடம் தூக்கினா? எங்க மாமியார் ஊர்க் கிணத்துத் தண்ணியில ஃப்ளோரைடு. வயசானவங்க பல்லைப் பாருங்க, பழுப்புக் கோடு. முட்டி மடங்காது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல வந்த பிறகுதான் கொஞ்சம் விடிவு. அதுவரைக்கும் அந்தத் தண்ணியைச் சுமந்ததும் பொம்பளைங்கதான், குடிச்சு முடங்கினதும் அவங்கதான்.

ஆனா தம்பி, 'உழைப்பாளி'யும் வேணாம். செத்தப்புறம் மாலை போடறது சுலபம். மண்டிக்காரர் அந்தக் கூலியை யார் கையில கொடுத்தார்?

பாப்பாரப்பட்டிப் பேரன்:
தாத்தா கையில.

தகடூர்க்காரன்:
வேற யார் கையில கொடுப்பாங்க? அப்பல்லாம் குடும்பத்துக்கே ஒரே சுருக்குப் பை. இப்ப மாதிரி புருஷன் பொண்டாட்டி ஆளுக்கொரு ஜிபே கிடையாது. எங்க அம்மா சாகற வரைக்கும் 'எனக்கு என்ன குறை'ன்னுதான் சொன்னாங்க.

மத்தூர் மருமகள்:
நீங்க கேட்டு சொன்னாங்களா அண்ணா, இல்ல அவங்களாவே சொன்னாங்களா?

தகடூர்க்காரன்:
கேட்டதில்ல. அதைக் கேக்கற வழக்கம் எங்க வீட்டுல இல்ல.

பழைய களப்பணி:
குழுன்னு பேச்சு வந்ததால உள்ள வர்றேன். தமிழ்நாட்டுல மகளிர் குழுக்களை அரசுத் திட்டமா முதல்ல ஆரம்பிச்சது நம்ம தர்மபுரி மாவட்டத்துலதான். 1989, பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தோட உதவியில. அப்ப கிருஷ்ணகிரியும் தர்மபுரிக்குள்ளதான், 2004லதான் பிரிஞ்சுது. மகளிர் திட்டம்னு மாநிலம் பூரா போனது 1997-98ல.

ஆரம்பத்துல ஊருக்குள்ள போய் "உன் பேரு என்னம்மா"ன்னு கேட்டா அந்தம்மா சிரிக்கும். பக்கத்துல இருக்கறவ சொல்லுவா, "மேல்வீட்டுக்காரர் சம்சாரம்". பேரு, பேரு? அதுக்கும் ஒரு சிரிப்பு. இருவது முப்பது வருஷமா யாரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டாங்க. சேமிப்பு நோட்டுல கோடு போட்டுப் பேரு எழுதினப்பதான் அது திரும்ப வெளிய வந்துச்சு. கைநாட்டு வெச்சவங்க சிலேட்டுல தினம் எழுதிப் பழகி, ஒரு நாள் கூட்டத்துல மை பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போடுவாங்க. புருஷன்காரன் கதவோரம் நின்னு பார்த்துட்டு இருப்பான்.

அதனால என் யோசனை: பட்டமே வேணாம் தம்பி. பேரைப் பெருசா போடுங்க. அப்புறம் அந்த 90 சரியான்னு ஒரு தடவை பாருங்க. குழு தொடங்கினப்ப சேர்ந்தவங்கன்னா, அப்பவே அம்பதைத் தாண்டியிருக்கணும். எனக்கு இடிக்குது.

பாப்பாரப்பட்டிப் பேரன்:
சரியா இடிக்குது ஐயா. ஆதார்ல இருக்கற வருஷம் யாரோ உத்தேசமா சொன்னது. ரேஷன் கார்டுல பேருலயே ஒரு எழுத்து வேற. ஆயா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லும்: "சேலத்துல இருந்து தர்மபுரி தனி ஜில்லாவா பிரிஞ்சப்ப உன் சித்தப்பன் வயித்துல." அது 1965 அக்டோபர். அவர் மூணாவது பிள்ளை, ஆயாவுக்குக் கல்யாணம் பதினஞ்சுல. உத்தேசமா கணக்குப் போட்டா 82தான் வருது. பெரியப்பா 90ன்னு போட்டாத்தான் கௌரவம்கறார், பூரண ஆயுசாம்.

மத்தூர் மருமகள்:
வயசைக்கூட விட்டு வைக்கல.

தகடூர்க்காரன்:
எட்டு வருஷம் கூடினா அவங்களுக்கு நஷ்டமா? பெரியப்பாவோட மல்லுக்கட்டிப் பங்காளிங்க முன்னாடி வீட்டு மானத்தை வாங்காதீங்க தம்பி. அரசாங்கமே இல்லத்தரசிக்குன்னுதானே 2023ல மாசம் 1000 கொடுக்க ஆரம்பிச்சுது, அந்த வார்த்தையில என்ன குத்தம்?

மத்தூர் மருமகள்:
நல்லா ஞாபகப்படுத்தினீங்க. அந்தப் பணத்துக்கு விண்ணப்பம் வாங்கற முகாமை 2023 ஜூலைல தொடங்கினது நம்ம தொப்பூர்லதான். வெச்ச பேரைக் கவனிச்சீங்களா? உதவித்தொகை இல்ல, உரிமைத்தொகை. அதுக்கு முந்தின மாசம்தான் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லுச்சு, புருஷன் சம்பாத்தியத்துல வாங்கின சொத்துல, வீட்டைப் பார்த்துக்கிட்ட பொண்டாட்டிக்கும் சம பங்கு உண்டுன்னு. இவ வீட்டைப் பார்க்கலன்னா அவன் எப்படி நிம்மதியா போய் சம்பாதிச்சிருப்பான்? எனக்கு 'இல்லம்'ல தகராறு இல்லண்ணா, 'அரசி'லதான். தலையில கிரீடத்தை வெச்சுட்டா கூலி கேக்க மாட்டா பாருங்க.

தகடூர்க்காரன்:
இது கொஞ்சம் ஜாஸ்தி. எல்லா வீட்டையும் ஒரே தராசுல போடாதீங்கம்மா.

பாப்பாரப்பட்டிப் பேரன்:
நேத்து ராத்திரி ஒருவழியா பஞ்சாயத்து முடிஞ்சுது. 'இல்லத்தரசி' எடுத்தாச்சு. 'குலவிளக்கு' பெரியப்பாவுக்காக இருக்கட்டும்னு விட்டுட்டேன். வயசு 82. களப்பணி ஐயா சொன்னதைக் கேட்டு டிரங்குப் பெட்டியில குழு நோட்டைத் தேடி எடுத்தேன். ஆயா போட்ட கையெழுத்தைப் படம் எடுத்து அனுப்பி, அச்செழுத்துக்குப் பதிலா பேரு இடத்துல அதையே வெக்கச் சொல்லிட்டேன். கடைசி எழுத்து கோட்டை விட்டுக் கீழ இறங்கியிருக்கும். "நேராக்கிடட்டுமா சார்"னு பிரஸ்காரர் கேட்டார். வேணாம்னுட்டேன். புரூஃப் இங்க போட்டிருக்கேன், பிழை இருந்தா சொல்லுங்க. காலையில அடிச்சுடுவாங்க.

பழைய களப்பணி:
அந்த நோட்டைப் பத்திரமா வெச்சுக்கங்க தம்பி. பேப்பர் பொடியற வயசு ஆயிருக்கும்.

தகடூர்க்காரன்:
கையெழுத்து நல்லாருக்கு. எங்க அம்மாவோடது கைநாட்டுதான்.

மத்தூர் மருமகள்:
எனக்கும் பிடிச்சிருக்கு. ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க தம்பி. உங்க ஆயாவுக்குப் பொண்ணுங்களே கிடையாதா? கீழ மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் மட்டும்தான் இருக்காங்க.

பாப்பாரப்பட்டிப் பேரன்:
ரெண்டு அத்தை. எழவுக்கு வந்ததுல இருந்து இங்கதான் இருக்காங்க. இப்பவும் அடுப்படியிலதான்.

பிரஸ்காரர் போனை எடுக்கல. கடை திறக்கறதுக்குள்ள நேர்லயே போறேன்.