நிலைவாசலுக்குக் கஜலட்சுமி புடைப்புச் சிற்பம்: எவ்வளவு ஆழம், எங்கிருந்து தொடங்குவது?

புதுஉளி எழுதியது:

வீட்டு நிலைக்கு மேலே பதிக்க ஒரு கஜலட்சுமி செதுக்கலாம் என்று இருக்கிறேன். பூ, கொடி, சங்கு, சக்கரம் வரை பழக்கம் உண்டு. உருவம் இதுதான் முதல் தடவை. கைவசம் இருப்பது 12 x 8 அங்குலத் தேக்குப் பலகை, கனம் ஒன்றேகால் அங்குலம். நீளவாக்கில் ஓடுகிறது ரேகை (மரநார் ஓடும் திசை). கீழ் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை (வைரம் பாயாத வெளிமரம்) இருக்கிறது. உளிகள்: கால், அரை, முக்கால் அங்குலப் பட்டை உளி, இரண்டு வளைவு உளி, ஒரு வி உளி, கொட்டாப்புளி.

பின்னணியை எவ்வளவு ஆழம் இறக்க வேண்டும்? முகத்தை முதலில் முடித்துவிடலாமா? யானைத் துதிக்கை உடையாமல் இருக்க என்ன வழி? வெள்ளையை விட்டுவைக்கலாமா?

தேர்ச்சட்டம் எழுதியது:

வெள்ளையை விட்டுவைக்காதீர்கள். தேக்கின் வைரப்பகுதியைத்தான் பூச்சி தொடாது. வெள்ளை உளுத்துவிடும், நிலையில் பதித்த பிறகு மாவு கொட்டும். வெட்டி எடுத்தால் உயரம் ஏழேகால் அங்குலம்தான் மிஞ்சும். அதில் மேலும் கீழும் அரை அங்குலச் சட்டம், கீழே முக்கால் அங்குலத் தாமரைப் பீடம் போக, கிரீடத்தோடு உருவத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 14 செ.மீ. முகம் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம் வரும். அபய ஹஸ்தத்தில் ஒரு விரல் 2 மில்லிமீட்டர்கூட வராது. முதல் உருவத்துக்கு இது மிகவும் சிறியது. பலகையை மாற்ற முடிந்தால் 18 x 12 அங்குலத்துக்குப் போங்கள், வேலை பாதியாகக் குறையும்.

இந்தப் பலகையில்தான் என்றால், ஆழத்தைத் தாளிலேயே முடிவு செய்துவிட்டு உளியைத் தொடுங்கள். 12 மில்லி பின்னணி போதும். பின்னால் 20 மில்லி நிற்கும், பலகை வளையாது. பலகையின் மேல்மட்டத்திலிருந்து எத்தனை மில்லி கீழே என்று கணக்கு வையுங்கள். அபயக் கையும் இரண்டு முழங்காலும் 0. மூக்கு நுனி 2. யானை மத்தகம் (நெற்றி மேடு) 3. மார்பு 4. தாமரை ஏந்திய பின் கைகள் 6. யானை உடல் 7. கும்பத்திலிருந்து விழும் நீர் 10. இந்த எண்களைப் படத்தின் மேலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள்.

முகத்தை முதலில் முடிப்பதில் உள்ள சிக்கல் இதுதான். கண் எப்போதும் முகத்தில்தான் நிற்கும். அதனால் மூக்கை மேல்மட்டத்திலேயே வைத்துவிடுவார்கள். பத்மாசனத்தில் முழங்காலும் முன் கையும் முகத்தைவிட முன்னால் இருக்க வேண்டியவை. அவற்றுக்கு மரம் மிஞ்சாது. கை மார்பில் ஒட்டவைத்த மாதிரி தட்டையாகிவிடும், உருவம் முன்பக்கம் சாய்ந்தது போலத் தெரியும். பிறகு சரிசெய்ய ஒரே வழி, மொத்தத்தையும் இரண்டு மூன்று மில்லி இறக்குவதுதான்.

வரிசை இப்படி இருக்கட்டும். மையக்கோடு போட்டு, படத்தைப் பாதி வரைந்து மடித்து மறுபாதி எடுத்து, கார்பன் தாளில் ஏற்றுங்கள் (அபய, வரத ஹஸ்தங்கள் மட்டும் இருபுறமும் வேறு என்பதால் அவற்றைத் தனியாக வரையுங்கள்). வி உளியால் கோட்டுக்கு 2 மில்லி வெளியே சால் எடுங்கள். பின்னணியை ஒரே வீச்சில் இறக்காமல் 3 மில்லி 3 மில்லியாக நான்கு சுற்றில் இறக்குங்கள். ஒரே அடியில் 12 மில்லிக்குச் செங்குத்தாக உளியை இறக்கினால் கோட்டுக்கு உள்பக்க மரம் நசுங்கிப் பிளக்கும், பின்னணியிலும் கத்திக்கீறல் மிஞ்சும். பக்கச்சுவரை அடியில் அகன்று நிற்கும்படி சரிவாகவே விடுங்கள். செங்குத்தாக்குவதும் அடியில் குடைவதும் கடைசி வேலை.

ஆழம் பார்க்க ஒரு நேரான ரீப்பர் துண்டின் நடுவில் ஆணி அடித்து, 12 மில்லி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். பலகை மேல் வைத்து நகர்த்தினால் மேடு எங்கே என்று ஆணியே காட்டிவிடும்.

வாகைக்கட்டை எழுதியது:

மேலே சொன்ன ஆழக் கணக்கு சரி. துதிக்கையைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

ரேகை படுக்கையாக ஓடுகிறது, துதிக்கை மேல்நோக்கி எழுகிறது. ஆக, துதிக்கை முழுவதும் குறுக்கு ரேகை. அரை அங்குலத்துக்கு ஒரு இடத்தில் பிய்ந்துகொண்டு வரத்தான் பார்க்கும். அதைப் பின்னணியிலிருந்து பிரிக்கவே வேண்டாம். இரண்டு பக்கமும் உருட்டிவிட்டு, அடியில் 3 மில்லியாவது மரம் ஒட்டியிருக்கட்டும்; நிழல் விழுந்தால் தனியாக நிற்பது போலவே தெரியும். செதுக்கும்போது துதிக்கையின் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி உளி போகட்டும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றினால் ரேகைக்குள் உளி புகுந்து சில்லு தெறிக்கும். விரல்களும் அப்படியே. கையை ஒரே திரட்சியாக முடித்து, விரல் இடைவெளியை வி உளியால் கோடாக மட்டும் போடுங்கள்.

சில்லு தெறித்தால் கீழே தேடி எடுத்து, தூசி ஊதி, ஃபெவிகால் மெல்லத் தடவி, டேப் சுற்றி ஒரு நாள் அப்படியே விடுங்கள். சில்லு கிடைக்கவில்லை என்றால் வெட்டிய மரத்தின் வைரப்பகுதியிலேயே அதே ரேகைத் திசையில் ஒரு துண்டு எடுத்து ஒட்டலாம். மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்காதீர்கள், பாலிஷ் ஏறியதும் அந்த இடம் கறுத்துத் தனியாகத் தெரியும்.

உடைவதில் பாதிக்குக் காரணம் மழுங்கிய உளி. தேக்கில் சிலிக்கா இருக்கிறது, முனையைச் சீக்கிரம் தின்றுவிடும். 25 டிகிரி சாய்வு வையுங்கள், கால் மணிக்கு ஒரு தடவை தோல் பட்டையில் பச்சை மெழுகு போட்டு இழுங்கள். வேண்டாத துண்டில் குறுக்கு ரேகையாக ஒரு வெட்டுப் போட்டுப் பாருங்கள்: வெட்டிய பள்ளம் பளபளத்தால் உளி தயார், வெள்ளை நார் எழுந்தால் இன்னும் தீட்ட வேண்டும்.

முகம் பழகக் குமிழ் மரத்துண்டு வாங்குங்கள், மெதுவானது, விலையும் குறைவு. முகத்தை இரண்டு மடங்கு அளவில் செய்யுங்கள். நெற்றிமயிர் எல்லையிலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கு நுனி, அங்கிருந்து மோவாய், மூன்றும் சம பாகம். கண்ணை உடனே கோடாகப் போடாமல் விழியை முதலில் மேடாக உருட்டுங்கள், இமை அதன் மேல் உட்காரட்டும். தட்டையான முகத்தில் கண்ணை மட்டும் கீறினால் பொம்மை மாதிரிதான் வரும்.

புதுஉளி எழுதியது:

ரொம்ப நன்றி. 18 x 12 பலகையே பார்க்கிறேன். வாகையோ வேம்போ எடுக்கலாமா? நிலைக்கு மஞ்சள், குங்குமம் வைப்பார்கள், ஈரத்துணியால் துடைப்பார்கள். அதற்கு என்ன பூச்சு?

தேர்ச்சட்டம் எழுதியது:

வாகை நல்ல மரம்தான். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூர் மரச்சிற்பங்களில் அதுவும் உண்டு. ஆனால் வாகையிலும் வேம்பிலும் ரேகை மாறி மாறிப் பின்னும். ஒரே கன்னத்தில் பாதி ஒரு திசையிலும் மறுபாதி எதிர்த்திசையிலும் செதுக்க வேண்டியிருக்கும். முதல் உருவத்துக்குத் தேக்கே இருக்கட்டும். கடையில் "காய்ந்தது" என்பார்கள், அதை நம்பி உடனே தொடங்காதீர்கள். பலகையை வாரம் ஒரு தடவை எடை போடுங்கள், எடை குறைவது நின்ற பிறகு கை வையுங்கள். நிலையில் பதிக்கும்போது பசை போட்டு இறுக்காமல், சட்டத்தின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) மேலும் கீழும் 2 மில்லி இடம் விட்டு உட்கார வையுங்கள். மழைக்கும் கோடைக்கும் அந்த அளவு உப்பிச் சுருங்கும். இடம் இல்லாவிட்டால் நடுவில் வெடிக்கும்.

பூச்சுக்கு அரக்குப் பாலிஷ் வேண்டாம், ஈரம் பட்டால் வெளுக்கும். பூசாமல் விட்டால் மஞ்சள் ரேகைக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்க முடியாது. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, அதனால் தின்னர் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, மேட் பி.யு. (பளபளக்காத பாலியூரிதேன் வார்னிஷ்) இரண்டு கை மெல்லியதாக அடியுங்கள். கனமாக அடித்தால் கண், விரல் இடுக்கெல்லாம் நிரம்பிக் கூர்மை போய்விடும். உப்புத்தாள் போடுவதாக இருந்தால் உளி வேலை முழுக்க முடிந்த பிறகுதான். அதன் மணல் மரத்தில் தங்கி அடுத்த வெட்டில் உளி முனையைக் கெடுக்கும். தேக்குத்தூள் மூக்கையும் தோலையும் அரிக்கும், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

வாகைக்கட்டை எழுதியது:

பி.யு. பூச்சு பிடிக்காமல் ஆளி விதை எண்ணெய்க்குப் போவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப்போட்டு, விறைத்த பிறகு எறியுங்கள்.