அவசர உதவி: ஒரே புரோகிராம், இரண்டு லக்கினம்

முரசுமோட்டை_பொடியன்:
அவசரம். நான் எழுதிய சாதகப் புரோகிராம் பழைய லப்டொப்பில் மேஷ லக்கினம் என்கிறது. புது மெஷினில் போட்டால் மீனம். ஒரு வரிகூட மாற்றவில்லை. பின்னேரம் பொருத்தம் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் யாராவது சொல்லுங்கோ.

கச்சான்_கோது:
எந்த ஓஎஸ்? எந்த வருஷம், எந்த ஊரில் பிறந்த ஆள்? நேரத்தை எங்கேயிருந்து எடுக்கிறீர்? லப்டொப்பின் நிறத்தையாவது சொல்லியிருக்கலாம்.

குளக்கட்டு:
வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதமா? எல்லாப் பிரச்சினையும் அங்கேதான் தொடங்கும்.

முரசுமோட்டை_பொடியன்:
திருக்கணிதம் அண்ணை. இரண்டு மெஷினிலும் ஒரே கணக்குத்தானே. பழையதில் விண்டோஸ் 10, புதியதில் உபுண்டு லினக்ஸ். நேர வலயம் ஓஎஸ்ஸில் இருந்தே எடுக்கிறேன்.

ரூட்_அண்ணை:
தம்பி, இது அரிவரிப் பாடம். விண்டோஸ் மதர்போர்ட் மணிக்கூட்டில் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று வாசிக்கும். ஐந்தரை மணித்தியாலம் அடிபடும். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கிற பழக்கம் இப்போதைய பொடியளுக்கு இல்லை.

கச்சான்_கோது:
அண்ணை, அது ஒரே மெஷினில் இரண்டையும் போட்டால். அவரிடம் இருப்பது இரண்டு மெஷின். அதோடு பிறந்த நேரத்தைக் கையால்தானே அடிக்கிறார், மதர்போர்ட் என்ன செய்யும்?

ரூட்_அண்ணை:
பொதுவாகச் சொன்னேன்.

மல்லாவி_மவுஸ்:
விண்டோஸில் சரி, உபுண்டுவில் பிழை. நான் வாய் திறந்தால் சண்டைக்கு வருவீர்கள். காசு வாங்குகிறவன் கவனமாகச் செய்வான்.

ரூட்_அண்ணை:
2025 ஒக்ரோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவை நிறுத்தினார்களே, அந்தக் கவனமோ?

மல்லாவி_மவுஸ்:
உங்கள் லினக்ஸ் ஆட்கள் மட்டும் என்ன? பிழை என்று சொன்னால் "மூலம் திறந்துதானே கிடக்கிறது, நீரே திருத்தும்" என்பார்கள்.

குளக்கட்டு:
பெண்ணுக்கு மூல நட்சத்திரமா? அதை முதலே சொல்லியிருக்கலாமே.

ஏ9_லொறி:
எல்லோரும் கொஞ்சம் பொறுங்கோ. தம்பி, பிறந்தது வன்னியிலா? 1996க்கும் 2006க்கும் இடையிலா?

முரசுமோட்டை_பொடியன்:
ஓம். புதுக்குடியிருப்பு, 2001. எப்படித் தெரியும்?

ஏ9_லொறி:
மின்சாரத் தட்டுப்பாடு என்று 1996 மே 25இல் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. அந்த வருஷம் ஒக்ரோபர் 26இல் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தது. மிச்ச அரை 2006 ஏப்ரல் 15 வரை இருந்தது. இயக்கத்தின் (புலிகளின்) கட்டுப்பாட்டில் இருந்த வன்னி இதை ஏற்கவேயில்லை, கடைசிவரை பழைய நேரந்தான். ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டும்போது கைமணிக்கூட்டைத் திருப்பினவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

லினக்ஸின் நேர வலயக் கோப்பில் இந்தத் திகதிகள் எல்லாம் இருக்கின்றன. ஆசியா/கொழும்பு என்று இருந்தால் 2001க்கு உலகப் பொது நேரத்திலிருந்து ஆறு மணித்தியாலம் முன்னுக்கு என்று எடுக்கும். விண்டோஸ் பழைய கதைகளை அதிகம் வைத்திருப்பதில்லை, இன்றைய ஐந்தரையையே அன்றைக்கும் போட்டிருக்கும். அந்தச் சாதகத்துக்கு வலயத்தை ஆசியா/கொல்கத்தா என்று மாற்றிப் பாரும், இந்திய நேரமும் அதே ஐந்தரைதான். இது என் கண்டுபிடிப்பு இல்லை. தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருப்பவர்கள் அதைப் பாவிக்கலாம் என்று அந்தக் கோப்பைப் பராமரித்த போல் எகர்ட் 2006இல் அந்த மூலக் கோப்பிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்.

மல்லாவி_மவுஸ்:
ஆக, விண்டோஸ்தான் சரி.

ரூட்_அண்ணை:
காகம் இருக்கப் பனம்பழம் விழுந்ததற்கு லைசன்ஸ் காசு கட்டுகிற ஆள் நீர்.

மல்லாவி_மவுஸ்:
நான் எப்போது காசு கட்டினேன்?

கச்சான்_கோது:
அதைச் சத்தமாகச் சொல்லாதேயும். அந்த நேர வலயக் கோப்பைச் சும்மா பராமரித்த ஆட்கள்மேல் 2011இல் அமெரிக்காவில் ஒரு சோதிட மென்பொருள் கம்பனி வழக்குப் போட்டது தெரியுமோ? பழைய நேர விபரமெல்லாம் தங்கள் சொத்தாம். 2012இல் தாங்களாகவே வாபஸ் வாங்கினார்கள்.

குளக்கட்டு:
ராகு காலத்தில் தாக்கல் செய்திருப்பார்கள். வாக்கியம் பார்த்திருந்தால் தப்பியிருக்கலாம்.

ஏ9_லொறி:
தம்பி, இன்னொன்று. எல்லோருக்கும் கொல்கத்தா போட்டுவிடாதேயும். வவுனியா ரவுணில் பிறந்தவருக்குக் கொழும்பு நேரந்தான். வன்னியில் பிறந்தாலும் நேரத்தைக் குறித்தவர் எந்த மணிக்கூட்டைப் பார்த்தார் என்று தாயிடம் கேளும். ஒரு லக்கினம் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலந்தான் நிற்கும், அரை மணித்தியாலம் பிசகினால் நாலில் ஒருவருக்கு ராசியே மாறிப்போகும்.

முரசுமோட்டை_பொடியன்:
சரி வந்திட்டுது. எல்லோருக்கும் நன்றி. ஆட்கள் வந்துவிட்டார்கள்.

கச்சான்_கோது:
எது சரி வந்தது? லக்கினமா, சம்பந்தமா?

ஏ9_லொறி:
தாயிடம் கேட்டீரா?

ரூட்_அண்ணை:
மணிக்கூட்டுப் பிரச்சினை என்று நான் முதல் பதிலிலேயே சொன்னேன்.